இருபது வயலு, வரப்பு ஒண்ணுகூட இல்ல

"தாத்தா, 20 பிளாக் முடிச்சிட்டேன்"னு பேத்தி வந்து நின்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. எனக்குத் தெரிஞ்சு பிளாக்குன்னா நம்ம குமராட்சி பிளாக் ஆபீசு. கடலூர் மாவட்டத்தையே சல்லடை போட்டுச் சலிச்சாலும் ஒன்றியம் 14தான் தேறும். "மீதி ஆற எந்த மாவட்டத்துலேருந்து புடிச்சாந்த பாப்பா?"ன்னு கேட்டேன். மொறைச்சிட்டு, பையத் திண்ணையில தலைகீழாக் கவுத்தா.

அத்தனையும் துணிச் சதுரம். பழைய பாவாடை, அவங்க அம்மாவோட சுங்குடி, பள்ளிக்கூடத்து யூனிபாரம் எல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டி நட்சத்திரம், காத்தாடி, பூவுன்னு சேத்துத் தெச்சு வெச்சிருக்கா. ஒரு நட்சத்திரத்த எங்கியோ பாத்த மாதிரி இருந்துது. கிட்டக் கொண்டுபோயிப் பாத்தேன். ஆடி மாசத்துலேருந்து நான் தேடிக்கிட்டிருக்கிற கைலி!

கைலி போனது போவட்டும். "இதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேத்தா குவில்ட், அதான் ஒட்டுத்துணி மெத்தை, தாத்தா. சுத்தி ஃபிரேம் கட்டணுமாம், நடுவுல சாஷிங் வெக்கணுமாம். அதுதான் ஒண்ணும் புடிபடல"ன்னா. சாஷிங்கா? சாஷ்டாங்கமா வுழுவுறதான்னு கேட்டேன். போன எடுத்து நீட்டுனா. பாத்தா, அடடே, நம்ம பட்டி! 52 வருஷமா காட்டுமன்னார்கோயில் ரோட்டோரம் மெஷின் மிதிச்சிக்கிட்டு நான் வெச்சுத் தெச்ச அதே பட்டிக்கு, இங்கிலீசுல பேரு வெச்சதும் மவுசு வந்துடுச்சு. அந்தக் காலத்துல சட்டையில ஒட்டுப் போட்டுக் குடுத்தா, ஒட்டு வெளிய தெரியக் கூடாதுன்னு கெஞ்சுவாங்க. இப்ப ஒட்டு தெரியணும்னே நல்ல துணிய வெட்டுறாங்க. நான் கொஞ்சம் முன்னாடி பொறந்துட்டேன், வேற என்ன சொல்றது.

டேப்ப எடுத்து வெச்சேன். ஒண்ணு 9 இஞ்சு, ஒண்ணு 9½, ஒண்ணு 10. கைலி நட்சத்திரம் இருக்குது பாரு, அது வாய்க்கா திரும்புற எடத்துல மாட்டுன வயலு மாதிரி, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் கோணல். "எல்லாம் ஒரே அளவுதான் வெட்டுனேன் தாத்தா, தெச்சப்பறம்தான் இப்படி ஆயிடுச்சு"ங்கிறா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். ஆனா நான் சிரிக்கல. தையல்ல மட்டும் கூடம் நெசமாவே கோணலாத்தான் இருக்கும். தச்சன் கணக்குல 8 நூலு ஒரு இஞ்சு. தையலுக்கு விடுறது கால் இஞ்சு, அதாவது ரெண்டு நூலு. நீ அரை நூலு தள்ளி ஓட்டிட்டன்னு வெச்சுக்க, ரெண்டு பக்கத் துணியும் சேந்து ஒரு நூலு போச்சு. ஒரு சதுரத்துல குறுக்க நாலு தையல் வந்தா அரை இஞ்சு காணாமப் போவுது. திருடன் வெளியிலேருந்து வரல அம்மாடி, ஊசிக் கண்ணுலதான் குடியிருக்கிறான்.

"அப்ப எல்லாத்தையும் பிரிச்சுத் தெய்யணுமா?" மூஞ்சி சுண்டிப்போச்சு. பிரிக்காத. பொண்ணு பாக்க வர்றப்ப வூட்டுச் செவுத்துல வெடிப்பு இருந்தா என்னா பண்றோம், மகாலட்சுமி காலண்டர மாட்டுறோம் இல்ல? அதுதான் ஃபிரேமு. சட்டம் கட்டுறது.

ரெண்டரை இஞ்சு அகலத்துல பட்டி வெட்டிக்க. சதுரத்துக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு வெச்சுத் தெச்சு, விரிச்சு இஸ்திரி போடு. அப்புறம் எடது, வலது. 9 இஞ்சு சதுரம் இப்ப 13 ஆயிருக்கும், 10 இஞ்சு 14 ஆயிருக்கும். இப்ப சின்னது பெருசு பாக்காம எல்லாத்தையும் பன்னண்டரைக்கு வெட்டித் தள்ளு. தெச்சு முடிச்சப்பறம் அத்தனையும் 12 இஞ்சுல வந்து நிக்கும். சின்னதுக்குச் சட்டம் ஒண்ணேமுக்கா இஞ்சு தெரியும், பெருசுக்கு ஒண்ணேகால். வித்தியாசம் அரை இஞ்சுதான். கண்ணுல விளக்கெண்ணெய வுட்டுக்கிட்டுப் பாக்குற உன் வருங்கால மாமியாரு ஒருத்தி கண்டுபுடிச்சா உண்டு, மத்தவங்களுக்குத் தெரியாது. ஆனா ஒரு பக்கமா நின்னு வெட்டிடாத. நட்சத்திரத்தோட நடுவுல குண்டூசி ஒண்ணு குத்தி வெச்சிக்கிட்டு, அங்கேருந்து நாலு பக்கமும் ஆறேகால் ஆறேகால்னு அளந்து வெட்டு.

கைலி நட்சத்திரத்த நேராக்க முடியாது. அத வேணும்னே கோணலாக்கிடு. ஸ்கேல சாய்ச்சு வெச்சு வெட்டு. அதுக்குத் துணையா இன்னும் நாலஞ்ச எதிர்ப்பக்கம் சாய்ச்சு வெட்டிட்டா எல்லாம் ஆடுற மாதிரி நிக்கும். யாராவது கேட்டா, சிதம்பரத்துப் பக்கத்துப் பொண்ணு, எங்க ஊரு சாமியே ஒரு கால தூக்கிக்கிட்டுத்தான் நிக்குதுன்னு சொல்லிடு. ஆனா சாய்ச்சு வெட்டணும்னா பட்டி மூணரை இஞ்சு வேணும். நேரா இருக்கிறதவிட கோணலா இருக்கிறதுக்குத்தான் செலவு ஜாஸ்தி, ஊருல பாக்குறல்ல? இன்னொண்ணு, சாய்ச்சு வெட்டுன ஓரம் கிராஸுல போயிடும், இழுத்தா ரப்பரு மாதிரி நீளும். குண்டூசி போட்டு, இழுக்காம ஓட்டணும்.

சட்டத்துக்கு என்னா நெறம்னு கேட்டா. அதுக்கு நான் வாயால சொல்லல. "ஆனித் திருமஞ்சனத்துக்கு முந்தின நாளு கீழவீதிக்கு வா"ன்னேன். நம்ம சிதம்பரத்துல அன்னிக்கு அஞ்சு தேரு ஓடுது. பிள்ளையாரு, முருகரு, நடராசரு, சிவகாமி அம்மன், சண்டிகேசுவரரு. ஆனியில ஒரு தடவ, மார்கழித் திருவாதிரைக்கு ஒரு தடவ. எல்லாரும் வடத்தப் பாப்பாங்க, சாமியப் பாப்பாங்க. தையக்காரன் மட்டும் தேர்ச்சீலையப் பாப்பான். தஞ்சாவூரு கும்மோணம் பக்கத்துக் கைவேலை அது. செவப்புத் துணியில மஞ்சளு, வெள்ள, பச்ச, கறுப்புன்னு வெட்டி வெச்சுத் தெச்சிருப்பாங்க. யாளி இருக்கும், மயிலு இருக்கும், தாமரை இருக்கும். நாலு பக்கமும் தொம்பை தொங்கும், காத்துல உருண்டுக்கிட்டே. அந்த யாளி எத்தனை கோரமா பல்லக் காட்டுனாலும், அதச் சுத்தி ஒரு பட்டை ஓடுது பாரு, அந்தப் பட்டை இல்லன்னா வீதி முக்குல நிக்கிறவனுக்குச் செவப்புல ஏதோ அழுக்குன்னுதான் தெரியும். உருவம் இருட்டா இருந்தா பட்டை வெளிச்சமா இருக்கணும், உருவம் வெளிச்சமா இருந்தா பட்டை இருட்டா இருக்கணும். அவ்வளவுதான் நெற சாஸ்திரம். இதக் கத்துக்க நீ போனுல மூணு மணி நேரம் செலவு பண்ணியிருக்க, கரண்டு காசு யாரு கட்டுறது?

இனிமே அந்த சாஷ்டாங்கம்.

சட்டம் கட்டுன 20 சதுரத்தையும் அப்படியே ஒண்ணோட ஒண்ணு ஒட்டித் தெச்சா என்னா ஆவும்? நாத்து, களை, தண்ணி எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்குற வயலு மாதிரி ஆவும். எந்தக் காத்தாடி யாரு வூட்டுக் காத்தாடின்னு தெரியாது. ஒண்ணோட சிறகு பக்கத்துக்காரனோட பூவுல போயி குத்தும். அண்ணன் தம்பி நாலு பேரு வரப்பு வெக்காம ஒத்துமையா இருக்கிறோம்னு சொன்ன குடும்பத்த நீயும் பாத்திருக்க. இப்ப அந்த நாலு பேரும் சிதம்பரம் கோர்ட்டுல ஒரே பெஞ்சுல ஒத்துமையாத்தான் உக்காந்திருக்கிறாங்க. சதுரத்துக்கும் சதுரத்துக்கும் நடுவுல ஓடுற பட்டிதான் வரப்பு. சட்டம்ங்கிறது ஒவ்வொரு வூட்டுக்கும் தனித்தனியாக் கட்டுன மதிலு. வரப்பு ரெண்டு பேருக்கும் பொது. இந்த வித்தியாசம் புரிஞ்சிட்டா பாதித் தையல் முடிஞ்சுது.

வரப்பு எத்தனை அகலம்? ஒருத்தன் நடந்து போற அகலம் போதும், டிராக்டர் போவ வேணாம். 12 இஞ்சு சதுரத்துக்கு 2 இஞ்சு அழகு, 3 தாங்கும். அதுக்கு மேல போனா வயல வுட்டுட்டு வரப்புல நடவு நட்டவன் கதை. அவ என்னடான்னா வரப்புக்குப் பூப்போட்ட துணி, ஜிகினா போட்ட துணின்னு எடுத்து வெக்கிறா. அம்மாடி, கல்யாணத்துல பந்தி பரிமாறுறவன் பட்டு வேட்டி கட்டுனா மாப்பிள்ளையத் தேட வேண்டியதாயிடும். வரப்பு மண்ணு நெறத்துல கெடக்கட்டும். பழுப்பு, சாம்பலு, காவி, எதுவா இருந்தாலும் ஒரே துணி. சட்டத்துக்கும் வரப்புக்கும் ஒரே துணிய எடுத்துட்டா சதுரமெல்லாம் கொளத்துல மெதக்குற அல்லி மாதிரி தெரியும், அதுவும் ஒரு அழகுதான். கன்னங்கரேல்னு எடுத்தா ஜன்னல் கம்பி. உனக்கு வூட்டுக்குள்ள இருக்கணுமா, ஜெயிலுக்குள்ள இருக்கணுமான்னு நீயே முடிவு பண்ணிக்க.

துணி காட்டனா எடு. எனக்கு ரெண்டு காட்டனத்தான் தெரியும். ஒருத்தரு 1836ல அணைக்கரையில கீழணை கட்டுன துரை. அவரு புண்ணியத்துல வடவாத்துல தண்ணி வந்து வீராணம் ஏரி ரொம்புது. இன்னொரு காட்டன், தொவைச்சா சுருங்குறது. உன் சதுரமெல்லாம் பழந்துணி, நூறு வாட்டி தொவைச்சுச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிச்சுது, என்ன மாதிரி. கடையில வாங்குற பட்டித் துணி புதுசு, உன்ன மாதிரி. ரெண்டையும் அப்படியே சேத்துத் தெச்சா மொத தொவையல்லயே புதுசு சுருங்கி பழசோட மூஞ்சியச் சுளிக்க வெக்கும். அதனால புதுத் துணிய ஒரு ராத்திரி ஊற வெச்சு, காயப் போட்டு, அப்புறம் கத்திரியத் தொடு.

எத்தனை பட்டி வேணும்னு அவ போனுல கணக்குப் போட்டா. நான் வெரல மடக்குனேன். குறுக்க 4 சதுரம், நெடுக்க 5. சுத்தியும் வரப்பு வரணும். ஒரு வரிசைக்கு நட்டமா நிக்கிற பட்டி 5, அஞ்சு வரிசைக்கு 25. படுத்துக் கெடக்குற பட்டி வரிசைக்கு 4, ஆறு வரிசைக்கு 24. ஆக 49. வரப்பும் வரப்பும் முட்டுற மூலை, அஞ்ச ஆறால பெருக்கு, 30. எல்லாம் முடிஞ்சா 58 இஞ்சு அகலம், 72 இஞ்சு நீளம். ஆறடி. ஒத்தக் கட்டிலுக்குப் போட்டு ரெண்டு பக்கமும் தாராளமாத் தொங்கும். அவ போனும் அதத்தான் சொல்லுச்சு, கொஞ்சம் லேட்டா.

இப்ப துணி வெட்டுற சூட்சுமம். பட்டி ஒவ்வொண்ணும் ரெண்டரை இஞ்சு அகலம், பன்னண்டரை இஞ்சு நீளம். 44 இஞ்சு அகலத் துணியக் குறுக்கால வெட்டுனா ஒரு வரிசைக்கு மூணு பட்டிதான் வரும். மீதி ஆறரை இஞ்சு உன் பாட்டிக்கு அடுப்புத் துணி. 49 பட்டிக்கு 17 வரிசை, நாப்பத்திரெண்டரை இஞ்சுத் துணி போயிடும், அதாவது மீட்டருக்கு மேல. அதே பட்டிய நெடுக்கால, கரையோட ஓட்டத்துல வெட்டு. பன்னண்டரை இஞ்சு ஒசரத்துல ஒரு வரிசைக்கு 17 பட்டி வரும். மூணு வரிசையில 51. ஒரு மீட்டருக்குள்ள முடிஞ்சு ரெண்டு பட்டி உபரி. இதுல லாபம் துணி மட்டும் இல்ல. துணியில பாவு நூலு இழுத்தா நீளாது, ஊடை நூலு கொஞ்சம் கொடுக்கும். வரப்பு நீளாம இருந்தாத்தான் வயலு அளவுல நிக்கும். கிராஸுல வெட்டுன பட்டிய வரப்பா வெச்சா, அது வெய்யில்ல போட்ட அப்பளம்தான்.

ஒரு பட்டிய வெட்டி, அத வெச்சு அடுத்தத வெட்டி, அத வெச்சு அதுக்கடுத்ததுன்னு போவாத. கோடு போட்ட பென்சில் அகலம் ஒவ்வொண்ணுலயும் கூடும். நாப்பத்தொம்பதாவது பட்டி மொதப் பட்டிக்குச் சித்தப்பா மாதிரி இருக்கும். நம்ம பக்கத்துல வருஷா வருஷம் அண்டை வெட்டுறேன்னு மம்புட்டியால பொது வரப்ப ஒரு சீவு சீவுறவங்க இருக்கிறாங்க. ஒரு வருஷத்துல தெரியாது. இருவது வருஷத்துல பக்கத்து வயல்ல ரெண்டு வரிசை நாத்து இவங்களுது ஆயிடும். வரப்பு கவுறு மாதிரி ஆயி, அதுமேல நடக்குற தவளையே கைய விரிச்சு பேலன்ஸ் பண்ணும். அப்படி ஆவக் கூடாது, ஸ்கேலு வெச்சு ஒவ்வொண்ணா வெட்டு. "எப்படி வெட்டுறதுன்னு பாத்துக்க"ன்னு மொதப் பட்டிய நானே என் கத்திரியால வெட்டிக் குடுத்தேன். 52 வருஷத்துக் கை. ஸ்கேலெல்லாம் எதுக்கு, கண்ணே அளக்கும்.

அந்த 30 மூலைக்கும் வேற நெறத்துல ரெண்டரை இஞ்சு சதுரம் வெட்டி வெக்கச் சொன்னேன். நாலு வயலு சேர்ற எடத்துல சர்வே கல்லு நடுறாங்க இல்ல, அது. அழகுக்குன்னு நெனைச்சிடாத. கல்லு வெக்காம ஒரே நீளப் பட்டியா ஓட்டுனா, மேல் வரிசை நட்சத்திரமும் கீழ் வரிசை நட்சத்திரமும் நேருக்கு நேரு வர்றது உன் ஜாதகத்தப் பொறுத்தது. கல்லு இருந்தா தையலும் தையலும் முட்டி நின்னு தானாக் காட்டிக் குடுக்கும். இஸ்திரி போடுறப்ப தையலோட பிசுற எப்பவும் பட்டிப் பக்கமாவே மடக்கு. சதுர வரிசையிலயும் பட்டிப் பக்கம், கல்லு வரிசையிலயும் பட்டிப் பக்கம். அப்ப ரெண்டு வரிசையும் சேர்ற எடத்துல ஒரு மடிப்பு இந்தப் பக்கமும் இன்னொண்ணு அந்தப் பக்கமும் போயி, கதவுக்குத் தாப்பா விழுந்த மாதிரி கப்புனு பூட்டிக்கும். வெரலால தடவுனாலே தெரியும்.

இத்தனையும் முடிஞ்சப்பறம் வெளிக் கரை ஒண்ணு போடணும்னு ஆசைப்படுவ. போடு. ஆனா நான் பண்ணுன தப்பப் பண்ணாத. அப்ப எனக்கு முப்பது வயசு இருக்கும். ஒரு பெரிய வூட்டுக் கல்யாணத்துக்குக் கட்டில் விரிப்பு. நீளமா கரைத் துணிய எடுத்து, ஒரு முனையில வெச்சு, கடகடன்னு கடைசி வரைக்கும் ஓட்டி, மிச்சத்த வெட்டிப் போட்டேன். ரெண்டு நிமிஷ வேல. விரிச்சுப் பாத்தா கரை முழுக்க வீராணத்து அலை. ஓரத் துணி தெய்க்கத் தெய்க்க நீண்டு குடுக்குது, கரையும் அதோட சேந்து கூட ஒரு சாண் உள்ள இழுத்துக்குது. வாங்கிட்டுப் போனவங்க ஒண்ணும் சொல்லல. பொண்ணு மாப்பிள்ளைக்கு அந்த நேரத்துல கரைய யாரு பாக்குறா. மாமியா பாத்துட்டா, திரும்பி வந்துடுச்சு. அதனால மெத்தையோட ஓரத்த அளக்காத, நடுவ அள. மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல அளந்து, சராசரி எடுத்து, அந்த நீளத்துக்குக் கரைய மொதல்ல வெட்டு. கரையோட நடுவும் மெத்தையோட நடுவும் சேத்து ஒரு குண்டூசி, ரெண்டு முனையில ரெண்டு, எடையில நாலஞ்சு. துணி கூடுதலா இருந்தா அத கரைக்குள்ள அடக்கித் தெய். அடங்கலன்னா தப்பு உள்ள இருக்குது. மூலையில கதவு நெலை மாதிரி சாய்ச்சு இணைக்கிற வேலையெல்லாம் அடுத்த மெத்தைக்கு வெச்சுக்க.

"நீ சொல்ற மாதிரிதான் எல்லா ஊருலயும் பண்றாங்களா தாத்தா?"ன்னா. சந்தேகம்! போன எடுத்து நோண்டி அவளே எனக்குக் காட்டுனா. கர்நாடகாவுல உத்தர கன்னடா மாவட்டத்துல, எல்லாப்பூரு, ஹலியாளப் பக்கம், சித்தி ஜனங்க இருக்கிறாங்களாம். பல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஆப்பிரிக்காவுலேருந்து கொண்டாரப்பட்டவங்களோட வம்சம். அவங்க தெய்க்கிற கவந்திக்கு பிளாக்கும் கெடையாது, வரப்பும் கெடையாது. பழம்புடவைய விரிச்சு, வெளி ஓரத்துல ஆரம்பிச்சு, துணித் துண்ட மடக்கி மடக்கி வெச்சு ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வர்றாங்க. கடைசியில நாலு மூலையிலயும் முக்கோணமா மடிச்ச பூ ஒண்ணு வெக்கணுமாம், அது இல்லன்னா மெத்தை அம்மணமா நிக்கிற மாதிரியாம். எனக்கு அது ரொம்பப் புடிச்சுது. அமெரிக்காவுல அலபாமாவுல ஜீஸ் பெண்டுன்னு ஒரு கிராமம், பருத்திக் கொல்லையில அடிமையா ஒழைச்சவங்களோட பேத்திங்க. நடுவுல ஒரு சதுரம், அதச் சுத்திச் சட்டம், அதச் சுத்திச் சட்டம்னு வூட்டுக் கூரைய மேலேருந்து பாக்குற மாதிரி தெச்சிருக்கிறாங்க, கிழிஞ்ச வேலைச் சட்டையிலயே. ஒண்ணுகூட நேரா இல்ல. அதக் கொண்டுபோயி 2002ல மியூசியத்துல மாட்டி, 2006ல தபால்தலையே போட்டுட்டாங்களாம்.

"பாத்தியா, கோணலா இருந்தாலும் தபால்தலை போடுறாங்க"ன்னா. பாயிண்ட புடிச்சிட்டா. நான் வுடுவேனா? அவங்களுக்கு நேரா தெய்க்கத் தெரியும், வேணும்னு கோணலா தெச்சாங்க, நீ நேரா தெய்க்கப் போயி கோணலா தெச்சன்னேன். அப்பவும் மெட்ராஸுல 2019 ஜனவரியில குவில்ட்டுக்குன்னே பெரிய விழாவே நடந்துதுன்னு சொன்னா. நடக்கட்டும். வீராணத்துத் தண்ணிய 2004லேருந்து குழாய் போட்டு மெட்ராஸுக்கு எடுத்துட்டுப் போறாங்க, போர்வையும் போவட்டும். தண்ணிக்கு நம்மள யாரும் வெலை கேக்கல, போர்வைக்காவது நல்ல வெலையாச் சொல்லு.

ஒரு மாசம் திண்ணைப் பக்கமே காணோம். மெஷின் சத்தம் மட்டும் ராத்திரி பத்து மணி வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்துது. போன வெள்ளிக்கெழம கொண்டாந்து கட்டில்ல விரிச்சா. சாம்பல் வரப்பு, மூலைக்கு மூலை குங்குமக் கல்லு, கைலி நட்சத்திரம் நடுவுல ஒரு கால தூக்கிக்கிட்டு ஆடுது. பாட்டி வந்து பாத்துட்டு, "அய்யய்யோ, இது மேல எப்படி படுக்கிறது"ன்னா. நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒவ்வொரு வரப்பா வெரலால அளந்துக்கிட்டே போனேன். குத்தம் கண்டுபுடிக்காம எழுந்தா பெரிய மனுஷன்னு எப்படிச் சொல்லிக்கிறது? மேல் வரிசையில ரெண்டாவது பட்டி. ஒரு பக்கம் அகலம் சரியா இருக்குது, இன்னொரு பக்கம் ரெண்டு நூலு கொறையுது.

"புடிச்சேன் பாத்தியா! இந்த வரப்ப எவன் அண்டை வெட்டுனது?"

"நீதான் தாத்தா. நீ வெட்டிக் குடுத்த மொதப் பட்டி. மீதி 48ம் நான் ஸ்கேலு வெச்சு வெட்டுனது."

பாட்டி சிரிச்ச சிரிப்புல திண்ணையில படுத்திருந்த பூனை எறங்கி ஓடிப்போச்சு. கைலிய எப்ப திருப்பித் தருவன்னு கேட்டுட்டு நானும் எறங்கி டீக்கடைப் பக்கம் போயிட்டேன்.